கன்ட்ரோல் பேட்ச்

எனக்கு மோர் ஆகாது. குடிச்சா சளி புடிச்சிக்கும். வீட்டுல எல்லாரும் கடைசியா மோரு ஊத்திச் சாப்புடறப்ப நான் ரசத்தோட எந்திரிச்சிடுவேன். இதை முதல்லயே சொல்லிடுறேன். ஏன்னா, "அந்த மோரை வாத்தியாரு மட்டும் ஒருநாளும் குடிச்சதில்லையாமே"ன்னு நம்ம வாட்ஸ்அப் குரூப்புல சில பேரு எழுதியிருக்கீங்க. குடிக்காததுக்குக் காரணம் சளிதான். அதுல வேற உள்நோக்கம் இல்ல.

நான் சிவநாதன். காரைக்கால்ல மார்க்கெட்டுப் பக்கம் மாடியில நீட் டியூஷன் நடத்துறவன். உங்கள்ல பாதிப் பேரோட புள்ளைங்க என்கிட்ட படிச்சதுங்கதான். எம்.எஸ்சி விலங்கியல் முடிச்சேன், பி.எச்.டிக்குச் சேர்ந்து பாதியில விட்டேன். விட்டதுக்குக் காரணம் கைடு. அதை இப்ப பேச வேணாம்.

காரைக்கால்மேட்டுப் பொண்ணு நீலாயதாட்சிக்கு ஆனது பத்தி ஆளாளுக்கு ஒண்ணு எழுதுறீங்க. ஒருத்தர் செய்வினைங்கிறாரு. ஒருத்தர் வெளிநாட்டு மருந்துக் கம்பெனி சதிங்கிறாரு. முக்காவாசிப் பேரு என் அண்ணன் மக வினோதினிதான் பண்ணான்னு முடிவே கட்டிட்டீங்க. எனக்கு யாரு மேலயும் கோவம் இல்ல. நடந்ததை நடந்தபடி சொல்றேன். போன்ல அடிக்கிறேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க. இதையே ஸ்டேஷன்லயும் குடுக்கப்போறேன்.

வினோதினி வெளிநாட்டுல பி.எச்.டி முடிச்சுட்டு வந்து, இங்க ஒரு தனியார் காலேஜ் ஆராய்ச்சிக்கூடத்துல போஸ்ட் டாக்டரா சேர்ந்தா. அது டாக்டர் பட்டம் வாங்குனப்புறம் பண்ற ஆராய்ச்சி வேலை. நம்ம தெருவுல பாதிப் பேரு தபாலாபீசுக்குன்னு தனியா டாக்டர் போட்டிருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டாங்க. ஒருத்தரு சட்டையைச் சுருட்டிக்கிட்டு வந்து, "கொஞ்சம் பிரஷர் பாரும்மா"ன்னு உக்காந்துட்டாரு.

அவளுக்கு வேலை பழ ஈயோட. வாழைப்பழம் கருத்துப்போனா மேல சுத்துமே, அந்தக் குட்டி ஈ. அது வயித்துல இருக்குற கிருமிக்கும் அது பாடம் படிக்கிறதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு பாக்குறது. இதை அவ சொன்னப்ப எங்க அண்ணி சோத்தை அள்ளுன கையோட அப்படியே நின்னுட்டாங்க.

"ஏண்டி, ஈ படிக்குமா?"

"படிக்கும்மா. ரெண்டு வாசனை காட்டுவோம். ஒரு வாசனை வர்றப்ப லேசா ஷாக் குடுப்போம். அப்புறம் ரெண்டு பக்கமும் பிரியுற குழாயில விட்டா, படிச்ச ஈ ஷாக் அடிச்ச வாசனைப் பக்கம் போகாது."

"இதுக்கா இத்தனை வருசம் கல்யாணம் வேணாம்னு உக்காந்திருந்த?"

எனக்கு மட்டும் அது சட்டுன்னு புரிஞ்சுது. அடி வாங்குன பக்கம் திரும்பப் போகாம இருக்குறதுதான் படிப்பு. நான் இத்தனை வருசமா பெத்தவங்க கூட்டத்துல இதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். அதை ஈயை வச்சு நிரூபிக்க அவளுக்கு வெளிநாடு போக வேண்டியிருந்துச்சு.

அண்ணிக்குப் புரியணும்னு அவ உறைன்னு ஒரு வார்த்தை சொன்னா. "பாலுல உறை ஊத்துறோம்ல, அது மாதிரி ஈ வயித்துலயும் ஒரு உறை இருக்கும்மா. உறை இருக்குற ஈ நல்லா படிக்குது. மருந்து குடுத்து உறையக் கழுவிட்டா, அந்த ஈக்கு மண்டையில ஏற மாட்டேங்குது. திரும்ப உறை குடுத்தா கொஞ்சம் தேறுது." அவ சும்மா அம்மாவுக்காகச் சொன்னா. நான்தான் அதைக் காதுல வாங்கிக்கிட்டேன்.

ஞாயித்துக்கெழமை பஸ் சரியா இருக்காது, அதனால நான்தான் அவளை ஸ்கூட்டர்ல கொண்டு விடுவேன். ஈக்கு லீவு கெடையாது, புதுத் தீனி மாத்தணும். சோளமாவு, வெல்லம், ஈஸ்ட்டு, கடல்பாசி எல்லாம் போட்டுக் கூழு மாதிரி காய்ச்சி, சின்னச் சின்னக் குப்பியில ஊத்தி, பஞ்சு அடைப்பா. சாமான் வாங்கித் தர்றது நான். நோன்பு மாசத்துல கடைக்காரர், "என்ன சார், நோன்பு தொறக்க நீங்களும் கடல்பாசி கிண்டுறீங்களா?"ன்னு சிரிச்சாரு. "ஈக்குங்க"ன்னேன். அதோட சிரிப்பை நிறுத்திட்டு என் மூஞ்சியையே பாத்தாரு.

அவ வேலை பாக்குறப்ப நான் ஸ்டூல்ல உக்காந்து கேள்வி கேப்பேன். ஒருநாள் கேட்டேன், "இது மனுசனுக்கும் ஆகுமா?"

"சித்தப்பா, ஈக்கே ஒருதடவை வருது, மறுதடவை வர மாட்டேங்குது. என் ஆராய்ச்சிப் பேப்பரைத் திருப்பி அனுப்பிட்டாங்க. மனுசனுக்கு ஆகும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க."

"ஏன் திருப்பி அனுப்புனாங்க?"

"கன்ட்ரோல் பத்தாதாம். உறை குடுத்த கூட்டம் நல்லாப் படிச்சா மட்டும் போதாது. அதுக்குப் பக்கத்துலயே உறை இல்லாத கூட்டம் ஒண்ணு இருக்கணும். அதுதான் கன்ட்ரோல். அது இல்லாம யாரு என்ன சொன்னாலும் வெறும் கதை."

நான் நம்பலை. நம்புறவன்தான் தப்புப் பண்ணுவான். நான் சோதிச்சுப் பாக்கணும்னு மட்டும்தான் நினைச்சேன்.

ஏன் நினைச்சேன்னும் சொல்லணும். போன வருசம் கும்பகோணத்துக்காரன் ஒருத்தன் இங்க வந்து கிளை தொறந்தான். ரிசல்ட் வந்த அன்னிக்கு பாரதியார் ரோடு பூரா அவன் பிளெக்ஸ். மூஞ்சி மூஞ்சியாப் புள்ளைங்க. என் பிளெக்ஸ்ல ஒரே மூஞ்சிதான் இருந்துச்சு, அதுவும் என் மூஞ்சி. நீங்க எல்லாரும் அதைப் பாத்தீங்க. பாத்துட்டு எத்தனை பேரு புள்ளையை அங்க மாத்துனீங்கன்னு உங்களுக்கே தெரியும். நான் குத்திக்காட்டலை.

அவ ஃப்ரிட்ஜுல கிருமி வளர்த்த டியூபு இருக்கும். மோருல இருக்குற கிருமிக்கு அது ஒண்ணுவிட்ட சொந்தம்னு அவளே சொல்லியிருக்கா. அவ கை கழுவப் போன நேரத்துல கொஞ்சம் எடுத்துக்கிட்டேன். வீட்டுக்கு வந்து வெதுவெதுன்னு இருந்த பால்ல விட்டேன். மறுநாள் உறைஞ்சிருந்துச்சு. கொஞ்சம் நூலு மாதிரி இழுத்துச்சு, மத்தபடி நல்ல தயிர். இதுல யாருக்கும் கெடுதல் இல்ல. ஈக்கு ஒத்துக்குற கிருமி புள்ளைக்கு ஒத்துக்காதா.

ஆனா கன்ட்ரோல் வேணுமே. வகுப்பை ரெண்டாப் பிரிச்சேன். அந்த உறைத் தயிரை மோராக்கிக் குடிக்கிற புள்ளைங்களுக்கு ஜெனரல் பேட்ச்னு பேரு வச்சேன். இன்னொண்ணுக்கு கன்ட்ரோல் பேட்ச். ஆராய்ச்சியில அதுக்கு என்ன பேரோ அதையே வச்சேன், எதையும் மறைக்கலை. போர்டுலயே எழுதிப்போட்டேன்.

அன்னிக்குச் சாயங்காலமே ஃபயாஸோட உம்மா ஆஸியா பீவி மாடியேறி வந்துட்டாங்க.

"சார், எம் மவனை ஏன் ஜெனரல்ல போட்டீங்க?"

"ஜெனரல் நல்ல பேட்ச்தாங்க."

"பொய் சொல்லாதீங்க சார். மக்குப் புள்ளைங்களைப் பூரா அதுல தள்ளியிருக்கீங்க. இவனுக்கு வீட்டுலயும் கன்ட்ரோல் இல்ல. எந்நேரமும் போனு. அவங்க வாப்பா துபாய்லேந்து போனைப் போட்டு ஏசுறாரு. கன்ட்ரோல்ல போடுங்க சார், அடிச்சாக்கூட நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது, கன்ட்ரோல்னா கண்டிப்புன்னு நீங்க எல்லாரும் நினைச்சிருக்கீங்கன்னு. அந்த வாரம் பூரா சிபாரிசு. கவுன்சிலரா இருந்தவரு போன் பண்ணாரு. ஒருத்தர் தட்டு நிறைய ஆப்பிள் கொண்டாந்து வச்சாரு. எல்லாருக்கும் புள்ளை கன்ட்ரோல்ல இருக்கணும். நான் என்ன விளக்கஞ்சொல்றது. சில பேருக்கு இல்லைன்னேன், கோவிச்சுக்கிட்டாங்க. ஆஸியா பீவி இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட முகங்குடுத்துப் பேசுறதில்ல. எம் மவன் தப்பிச்சான்னு நேத்து எழுதியிருந்தாங்க. தப்பிக்க வச்சது நான்தான்.

நீலாயதாட்சியை வகுப்புல நீலான்னுதான் கூப்புடுவோம். அவ அம்மாவும் அப்படித்தான் வந்தாங்க. ஏலத்துலேந்து நேரா வந்தவங்க, மீன்கூடையைக் கீழ வச்சுட்டு, செருப்பையும் கழட்டிட்டு மாடியேறுனாங்க. உள்ள வரலை, வாசப்படியிலயே நின்னாங்க.

"சார், எங்க ஜனத்துல ஒரு டாக்டரும் இல்ல சார். இது ஒண்ணுதான் படிக்குது. கவர்மெண்ட் ஸ்கூல் ஒதுக்கீட்டுல எப்படியும் சீட்டு வாங்கிடுவேன்னு சொல்லுது. அந்த ஸ்ட்ரிக்டு பேட்ச்சுல போட்டுடுங்க சார்."

போட்டுட்டேன்னு சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டாங்க.

கன்ட்ரோல் பேட்ச்சுக்கும் தெனம் காலையில மோருதான். கடைத்தயிரு, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம். உறை மட்டும் கெடையாது. ஆனா வினோதினி சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உறை குடுக்காம விட்டா மட்டும் பத்தாது, இருக்குற உறையையும் கழுவணும். அவ ஈத்தீனியில கலக்குற வெள்ளைப் பவுடர் அதே ஃப்ரிட்ஜுல இருந்துச்சு. கிருமியைக் கொல்ற மருந்து. ஆஸ்பத்திரியிலயும் குடுக்குற ரகம்தான், விஷம் இல்ல. ஈக்கு எவ்வளவுன்னு அவ சொல்லக் கேட்டிருக்கேன். புள்ளைங்க ஈயை விடப் பெருசு, அதுக்குத் தக்கனப் போட்டேன். வயித்தைக் கழுவுறதுக்குப் பேதிக்குக் குடுக்குறது நம்ம பக்கம் புதுசு இல்ல. நம்ம எல்லாரும் மூக்கைப் புடிச்சுக்கிட்டு விளக்கெண்ணெய் குடிச்சு வளர்ந்தவங்கதான்.

கொஞ்ச நாள்லயே வித்தியாசம் தெரிஞ்சுது. கன்ட்ரோல் பேட்ச்சுக்கு வயித்தால போச்சு. மாடியில ஒரே ஒரு பாத்ரூம். பாதி வகுப்பு உள்ள, மீதி வகுப்பு வாசல்ல வரிசையில. மாதவிலக்கு, ஹார்மோன்னு நான் பாடம் நடத்திக்கிட்டு இருப்பேன், எதிர்ல காலி பெஞ்சு. கேள்வி கேட்டா சோர்ந்து போய் முழிச்சாங்க. வினோதினி மூணு வருசமா ஈக்கிட்ட தேடுனது, என் வகுப்புல கண்ணு முன்னாடி நடந்துச்சு. பெத்தவங்க போன் பண்ணி, "புள்ளை எளைச்சுடுச்சு சார், நல்லாப் படிக்குதுபோல"ன்னு சந்தோசப்பட்டாங்க.

அதுலயும் நீலா. அந்தப் பொண்ணு நான் கேள்வியை முடிக்கிறதுக்குள்ள பதில் சொல்றவ. பாதியில வெட்டிப் பேசுவா, அது எனக்குப் பிடிக்காது. இப்ப கேள்வி கேட்டா என் மூஞ்சியையே பாக்குறா. "என்ன சார்?"ங்கிறா. திரும்பக் கேட்டா வேற எதுக்கோ பதில் சொல்றா. பக்கத்துப் புள்ளைங்க சிரிச்சுதுங்க. "ஏய் நீலா, சாரு கிட்னியக் கேட்டா நீ கண்ணைச் சொல்றியேடி." நானும் சிரிச்சேன். நல்லாப் படிக்கிற புள்ளைக்கே உறை போனா இப்படி ஆகுதுன்னா, இதை விட என்ன சாட்சி வேணும்.

ஒருநாள் வகுப்பு முடிஞ்சு நின்னா. "சார், காதுல கொர்ருன்னு ஒரே சத்தம் சார். மீன்புடி போட்டு இன்ஜின் ஓடுற மாதிரி. நிக்கவே மாட்டேங்குது."

"ரொம்பப் படிக்காத. தலைக்கு எண்ணெய் வச்சுக் குளி"ன்னேன்.

அதுக்கப்புறம் ஒரு காலையில மோர் ஊத்துற ஆயா குண்டான் மூடியைக் கீழ போட்டுட்டாங்க. எவர்சில்வர் மூடி, சிமெண்டுத் தரை. வகுப்பே துள்ளி விழுந்துச்சு, என் கையில இருந்த சாக்பீசு ஒடிஞ்சுபோச்சு. மூடி உருண்டு வந்து நீலாவோட பெஞ்சுக்குப் பின்னாடிதான் சுத்திச் சுத்தி நின்னுச்சு. அவ குனிஞ்சு எழுதிக்கிட்டே இருந்தா.

அப்ப எனக்குப் புரிஞ்சுடுச்சு. தெரியாமப் பண்ணேன்னு சொல்லிட்டுப் போயிடலாம். நான் அப்படிப்பட்டவன் இல்ல. அந்தப் பவுடரு சில பேருக்குக் காது நரம்புல போய் உக்காரும்னு நான் படிச்சவன்தான், ஞாபகம் வந்துச்சு. ஆனா மாடல் டெஸ்டு அடுத்த வாரம். பாதியில நிறுத்துனா ரெண்டு பேட்ச்சையும் ஒப்பிட முடியாது. அதுவரைக்கும் குடிச்சது, கழுவுனது எல்லாமே வீணாப்போயிடும். நடுவுல மாத்துறவன் ஆராய்ச்சியாளனே இல்லைன்னு வினோதினி படிச்சுப் படிச்சுச் சொல்லுவா. அதனால டெஸ்டு வரைக்கும் குடுத்தேன். அப்புறம் நிறுத்திட்டேன்.

டெஸ்டுல நீலாதான் முதல் மார்க்கு.

எனக்கு அது கொஞ்சம் ஏமாத்தமாத்தான் இருந்துச்சு. வாயசைவைப் பாத்துப் பாத்து, புரியாததைப் பக்கத்துப் பொண்ணு நோட்டைப் பாத்து எழுதி, வீட்டுல போய்ப் புத்தகத்தை வரிவரியாப் படிச்சிருக்கா. யாருகிட்டயும் சொல்லலை. சொன்னா டியூஷனுக்கு அனுப்ப மாட்டாங்கன்னு பயந்திருக்கா.

அவ அம்மாதான் கண்டுபுடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. நரம்பு போயிடுச்சு, திரும்ப வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எந்த மருந்து உள்ள போச்சுன்னு போலீசு விசாரிச்சு, மோருல வந்து நின்னு, அந்த மருந்து ஊருல யாருகிட்ட இருக்குன்னு தேடி, வினோதினியோட ஃப்ரிட்ஜுல போய் முடிஞ்சுது. பாட்டில்ல குறைஞ்சிருந்துச்சு. எனக்குத் தெரியாம அவதான் மோருல கலந்துட்டான்னு பேச்சாயிடுச்சு. காலேஜுல அவளை உடனே வேலையிலேந்து நிறுத்தி வச்சுட்டாங்க. ஆராய்ச்சிக்கூடத்தைப் பூட்டிட்டாங்க. தீனி மாத்த ஆளில்லாம ஈயெல்லாம் குப்பியிலயே காஞ்சு ஒட்டிப்போச்சுன்னு கேள்விப்பட்டேன். இத்தனை வருசத்து வேலை.

அவ என்னைத் தேடி டியூஷனுக்கே வந்தா. உக்காரலை.

"சித்தப்பா, நீங்க எடுத்தீங்களா?"

"நான் எதுக்கும்மா எடுக்கப்போறேன்?"

"ஞாயித்துக்கெழமை உங்களைத் தவிர அந்த ரூமுக்குள்ள யாரும் வந்ததில்ல. நான்தான் கூட்டிக்கிட்டு வந்தேன். கூட்டிக்கிட்டு வந்தது என் தப்பு. அதை நான் ஒத்துக்குறேன். மீதியை நீங்க ஒத்துக்கங்க."

"விசாரணை முடியட்டும்மா"ன்னேன்.

அவ போறப்ப போர்டைப் பாத்தா. கன்ட்ரோல் பேட்ச்னு நான் எழுதுனது அப்படியே இருந்துச்சு. அதை ஒருதடவை வாய்விட்டுப் படிச்சுட்டுப் படியிறங்குனா.

நான் நீலாவைப் போய்ப் பாத்தேன். அதையும் சில பேரு நடிப்புன்னு எழுதியிருக்கீங்க. அவ அம்மா எனக்கு நாற்காலி போட்டாங்க. "ஸ்ட்ரிக்டா பாத்துக்கங்கன்னுதானே சார் உங்கக்கிட்ட விட்டேன்"னு ஒரே ஒருதடவை சொன்னாங்க. நீலா சத்தமாப் பேசுறா இப்ப, அவளுக்கே தெரியலை.

"சார், சீட்டு கிடைச்சுடும் சார். ஆனா ஸ்டெத் வச்சா என்ன கேக்கும் சார் எனக்கு?"

நான் பதில் சொன்னேன். நல்ல பதில்தான். சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டுச் சொன்னேன்னு வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்துச்சு.

இப்ப ஏன் இதை எழுதுறேன்னு கேப்பீங்க. முந்தாநாள் பேப்பர்ல வந்துச்சு, "வினோதினி நடத்திய மனிதச் சோதனை"ன்னு. படிச்சதுலேந்து மனசு உறுத்துது. அவ ஈயைத் தாண்டி ஒரு அடி வைக்கத் துணியலை. மனுசனுக்கு ஆகும்னு சொன்னா நம்பாதீங்கன்னு சொன்னவ. உறையைப் பால்ல ஏத்துனது நான், பேட்ச் பிரிச்சது நான், கழுவுனது நான், பாதியில நிறுத்தாம இருந்ததும் நான். அவ பேருல போட்டா அது நியாயமா. அவளை விட்டுடுங்க, திருத்தம் போடுறப்ப என் பேரை முழுசாப் போடுங்க. வீ. சிவநாதன், எம்.எஸ்சி.

இன்னொண்ணும் சொல்லிடுறேன், எல்லாத்தையும் சொன்னதாவே இருக்கட்டும். நீலாவோட அம்மா வந்து கேக்குறதுக்கு முன்னாடியே நீலாவை நான் கன்ட்ரோல்லதான் போட்டிருந்தேன். ஏற்கனவே மக்கா இருக்குற புள்ளை மக்கானா யாருக்குத் தெரியும். நல்லாப் படிக்கிறது ஒண்ணு கீழ விழுந்தாத்தான் பாக்குறவங்களுக்கு நம்பிக்கை வரும். அவ விழலை, அவ்வளவுதான்.

அதனால கணக்கு தப்புன்னு ஆயிடாது. ரெண்டு பேட்ச் மார்க்கையும் நான் திரும்பத் திரும்பப் பாத்துட்டேன். நீலா ஒருத்தியால கன்ட்ரோல் பேட்ச் சராசரி ஏறி நிக்குது. அவளை மட்டும் எடுத்துட்டுப் பாருங்க, நான் சொன்னது சரியாத்தான் வருது.